வயதானவர்கள் வீட்டில் பிரஷர் பார்க்க ஒரு கருவி: ஓம்ரான் எச்இஎம்-7120

எழுபது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டில் இரத்த அழுத்தம் அளக்க ஒரு கருவி வாங்க நினைப்போருக்கு, ஓம்ரான் நிறுவனத்தின் எச்இஎம்-7120 என்னும் மேல்கைக் கருவியை நான் பரிந்துரைப்பேன். ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு தையல் டேப்பை எடுத்து, கருவியைப் பயன்படுத்தப் போகிறவரின் மேல்கைச் சுற்றளவை அளந்துகொண்டு போக வேண்டும் என்பது என் நிபந்தனை. இந்தக் கருவியின் நிறைகளையும் குறைகளையும் பற்றி இணையத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை திரையின் அழகையும் விலையையும் பேசுகின்றன. அது காட்டும் எண்ணை ஒரு முதியவரின் கையில் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுகிறார், குறைக்கிறார் என்பதால், கருவியை மதிப்பிடுவதற்கு எனக்குத் தெரிந்த சரியான அளவுகோல் அதுதான். எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் எங்களோடு வசிக்கும் என் அக்காவும் ஆக மூவரும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். மூவருக்கும் மூன்று விதமான கைகள்.

கருவியைப் பற்றிய அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. நான்கு ஏஏ பேட்டரிகளில் இயங்கும். மின்சாரத்தில் இயக்குவதற்கான அடாப்டரைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டு பெரிய பொத்தானை அழுத்தினால் போதும். மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு ஆகிய மூன்றும் திரையில் வருகின்றன. எண்கள் பெரியவை என்பதால், கண்புரை அறுவை செய்துகொண்ட என் அக்கா கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார். அளவுகளைத் தேதியோடும் நேரத்தோடும் வரிசையாகச் சேமித்து வைக்கும் வசதி இதில் இல்லை. அது வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் கூடுதல் விலையுள்ள மாடல்களுக்குத்தான் போக வேண்டும். ஒரே கருவியை மூவர் பயன்படுத்தும் வீட்டில் யாருடைய அளவு எது என்ற குழப்பம் சேமிப்பு உள்ள கருவியிலும் வரும் என்பதால், எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இனிக் கைப்பட்டை. இந்தக் கருவியோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைகளுக்கு உரியது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, டேப்பை இறுக்காமல் சுற்றினால் வரும் எண்ணே இங்கே கணக்கு. எனக்கும் என் மனைவிக்கும் அது இந்த வரம்புக்குள் அடங்குகிறது. அக்காவின் கை 20 செ.மீ.தான். வயது ஏற ஏறத் தசை வற்றி, மேல்கை மெலிந்துபோவது நம் வீட்டுப் பெரியவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அப்படிப்பட்ட கையில் பெரிய பட்டையைக் கட்டினால் உள்ள அழுத்தத்தைவிடக் குறைவாகவே கருவி காட்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் கூடுதலாகக் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டியது. சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 3.6 மி.மீ. (இரத்த அழுத்தத்தைப் பாதரசத்தின் உயரமாகச் சொல்லும் அலகு) குறைந்தது, பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 4.8 மி.மீ. கூடியது, மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கோ 19.5 மி.மீ. கூடியது. ஏறத்தாழ இருபது என்பது, பிரஷர் இல்லாதவரை நோயாளி ஆக்கிவிடப் போதுமான வித்தியாசம்.

நாங்கள் வாங்கப் போன கடையில் இதைக் கேட்டபோது, “எல்லாக் கைக்கும் இதே பட்டைதான் சார், இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும்” என்று பதில் வந்தது. இழுத்துக் கட்டினாலும் சரியாகாது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளத்துக்கும் கையின் சுற்றளவுக்கும் உள்ள பொருத்தமே கணக்கை நிர்ணயிக்கிறது. வெல்க்ரோவை எவ்வளவு இறுக்கினாலும் பையின் அளவு மாறப்போவதில்லை. இந்த நிறுவனமே 17 முதல் 22 செ.மீ. வரையிலான சிறிய பட்டையையும், 32 முதல் 42 செ.மீ. வரையிலான பெரிய பட்டையையும் தனியாகச் செய்கிறது. எந்தப் பட்டை எந்த மாடலுக்குப் பொருந்தும் என்பதைக் கையேட்டில் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பட்டையை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் மாட்டவே கூடாது. அக்காவுக்காகச் சிறிய பட்டையைத் தனியாக வரவழைத்தோம். மருந்துக் கடைகளில் அது கையிருப்பில் இருப்பதில்லை. சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. மெலிந்த கைகள் இத்தனை உள்ள நாட்டில் சிறிய பட்டை அரும்பொருளாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கருவியோடு எந்தப் பட்டை வேண்டும் என்று கேட்டு விற்கும் வழக்கம் நம் கடைகளில் வர வேண்டும்.

பட்டையைக் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு மேலே ஒன்றிரண்டு செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். காற்றுக்குழாய் உள்ளங்கைப் பக்கமாக, நடுவிரலை நோக்கி இறங்க வேண்டும். கட்டிய பின் பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். பெண்களுக்கு ரவிக்கைக் கை ஒரு தனிச் சிக்கல். இறுக்கமான கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு போலக் கையைப் பிடித்துக்கொள்கிறது. அதன் கீழே எடுக்கும் அளவை நம்ப முடியாது. அளக்கும் நேரத்துக்கு மட்டும் கை தளர்ந்த ரவிக்கையோ நைட்டியோ அணிவது நல்லது என்று மனைவியும் அக்காவும் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். துணியின் மேல் பட்டையைக் கட்டும் பழக்கத்தைப் பெரிய மருத்துவமனைகளிலேயே பார்க்கிறோம் என்றாலும், வீட்டிலாவது வெறுங்கையில் கட்ட வேண்டும்.

கருவி எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே அதை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் விளங்கும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பது, 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் விவரித்த ஒலிகளை. இந்தக் கருவி ஒலி எதையும் கேட்பதில்லை. காற்று ஏறிப் பட்டை தமனியை அழுத்திய பின், காற்று மெல்ல இறங்கும்போது தமனிச் சுவரின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் சிறு அதிர்வுகளாகப் பதிகிறது. அந்த அதிர்வு உச்சத்தைத் தொடும் இடம் சராசரி அழுத்தம்; அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் நிறுவனத்தின் கணக்கீட்டு முறை வருவிக்கிறது. ஆகவே துடிப்பு சீராக இருக்கும்வரை கணக்கு சரியாக வரும். இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு முதியவர்களிடம் அதிகம். அது உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அளவு வெவ்வேறாக வரும் என்பதால், மூன்று முறையாவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். பார்கின்சன் நோயால் கை நடுங்குகிறவர்களுக்கும் நடுக்கத்தையே துடிப்பாகக் கருவி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகினால், சீரற்ற துடிப்புக்கான குறி திரையில் வருகிறது. ஒருமுறை வந்தால் அசைந்ததாலும் இருக்கலாம். அடிக்கடி வந்தால் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது அறிகுறி. இந்த விலையில் கிடைக்கும் கருவியில் இந்தக் குறி இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கையேட்டில் துல்லியம் மூன்று மி.மீ. கூடக் குறைய என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் அழுத்த உணரியின் துல்லியம் மட்டுமே. உங்கள் கையில் வரும் அளவின் துல்லியம் என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மனிதர்களிடம் நடத்தும் சோதனைக்குப் பன்னாட்டுத் தர விதிகள் தனியே இருக்கின்றன. குறைந்தது 85 பேரிடம் பயிற்சி பெற்றவர்களின் அளவோடு ஒப்பிட்டு, சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால்தான் தேர்ச்சி. எந்த மாடல்கள் இப்படித் தேறியவை என்ற பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்னும் அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் வாங்குமுன் மாடல் எண்ணை அதில் தேடிப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கேளுங்கள். தேறிய மாடல்கூடத் தனி ஒருவருக்குச் சிறிது விலகலாம். அதனால்தான் புதுக் கருவியை ஒருமுறை மருத்துவரிடம் எடுத்துச் சென்று, அதே கையில் அவருடைய கருவியாலும் நம்முடையதாலும் மாறிமாறி அளந்து பார்ப்பது அவசியம். எங்கள் மருத்துவர் பொறுமையோடு மூவருக்கும் அதைச் செய்தார். எனக்கும் மனைவிக்கும் அளவுகள் மிக நெருக்கமாக இருந்தன. அக்காவுக்குச் சிறிய பட்டை வந்த பிறகுதான் நெருங்கின. அப்போதே இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையையே இனி எப்போதும் பயன்படுத்துங்கள் என்றார்.

கருவி சரியாக இருந்தும் அளவு தவறுவதற்கு, உட்காரும் விதமே பெரும்பாலும் காரணம். நம் வீடுகளில் பெரியவர்கள் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோ, தரையில் சம்மணமிட்டோ, மடியில் கையை வைத்துக்கொண்டோ அளந்துகொள்கிறார்கள். 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில், கையை மடியில் வைத்தால் மேல் அளவு ஏறத்தாழ 4 மி.மீ.யும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 மி.மீ.யும் கூடுதலாக வந்தது. முதுகு சாயும் நாற்காலியும், இதயத்தின் மட்டத்துக்குக் கை நிற்கும்படியான மேசையும் வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசை சற்றுத் தாழ்வானது என்பதால், மடித்த போர்வையை வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொள்கிறோம். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். அக்கா குள்ளமானவர், அவருக்குக் காலடியில் ஒரு பலகை போடுகிறோம். கால் மேல் கால் போடக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். காபி குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால், காலையில் எழுந்ததும் காபிக்கும் மாத்திரைக்கும் முன்பாகவே அளப்பது எளிது. அளக்கும்போது பேசக் கூடாது என்பது மிகக் கடினமான விதி. பட்டையில் காற்று ஏறத் தொடங்கியதும் அக்காவுக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வந்துவிடும். “அக்கா, எண் வந்த பிறகு சொல்லுங்கள்” என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பேச்சு மட்டுமே அளவைப் பத்து மி.மீ. வரை ஏற்றிவிடக் கூடும்.

எத்தனை முறை எடுப்பது என்பதிலும் அளவோடு இருப்பது நல்லது. மருத்துவரைப் பார்க்கப் போகுமுன், அல்லது மாத்திரை மாறிய பின், ஏழு நாட்கள் காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்ப்பது ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த முறை. வீட்டில் எடுத்த சராசரி 135/85 என்றால் அது மருத்துவமனையில் எடுக்கும் 140/90க்குச் சமம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க வழிகாட்டுதல் 130/80 என்று இன்னும் கீழே கோடு போடுகிறது. எண்பதைத் தாண்டியவருக்கு, தளர்ந்தவருக்கு, சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு எந்தக் கோடு என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சற்றுப் படபடப்பாக இருக்கிறது என்றால் அளப்பது, கூடுதலாக வந்ததும் பயந்து மறுபடி அளப்பது, பயத்தாலேயே அது இன்னும் ஏறுவது என்னும் சுழலில் சிக்கிய பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் கருவியைப் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் மட்டும் கொடுப்பது நல்லது.

முதியவர்களுக்கு இந்தக் கருவி செய்யும் மிகப் பெரிய உதவி என்று நான் கருதுவது, உயர்ந்த அழுத்தத்தைக் கண்டுபிடிப்பதை அல்ல. எழுந்து நிற்கும்போது சரியும் அழுத்தத்தைக் காட்டிக்கொடுப்பதை. உட்கார்ந்தோ படுத்தோ இருந்துவிட்டு எழும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. இளம் வயதில் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி ஈடு செய்துவிடும். வயதானால் அந்த வேகம் குறைகிறது. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 மி.மீ.யோ கீழ் அளவு 10 மி.மீ.யோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய சரிவு. இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவர்கள் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீரைப் பிரிக்கும் மாத்திரைகளும், புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மருந்துகளும் இந்தச் சரிவைக் கூட்டலாம். மருத்துவமனையில் உட்கார வைத்து ஒருமுறை அளந்து அனுப்பும்போது இது தெரியவே தெரியாது. காலையில் தலை சுற்றுகிறது என்று அக்கா சொன்னபோது, மருத்துவர் சொன்னபடி ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்தோம்; பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்தோம். படுத்தபோது 148 இருந்த மேல் அளவு நின்றபோது 120க்கு வந்தது. அந்த எண்களை நோட்டில் பார்த்துத்தான் மருத்துவர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார், தலைசுற்றல் தணிந்தது. இந்தச் சோதனையை ஒருபோதும் தனியாகச் செய்யக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பின்னால் நாற்காலி இருக்க வேண்டும், பட்டை கட்டிய கையை இதய மட்டத்தில் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். காற்றை ஏற்றி இறக்கி எண்ணைக் காட்ட இந்தக் கருவி ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக்கொள்வதால், நின்றபடி அளப்பதற்கு ஏற்றதாக இருக்கிறது.

இதற்கு மாற்றாகக் கடைகளில் காட்டப்படுபவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கட்டுக் கருவிகள் சிறியவை, கட்டுவதற்கு எளியவை. ஆனால் மணிக்கட்டு இதய மட்டத்திலிருந்து சற்று விலகினாலும் எண் மாறும், முதியவர்களின் தடித்த தமனிகளில் பிழை கூடும். மேல்கையில் பட்டையே கட்ட முடியாதவர்களுக்கு மட்டும் அவற்றை ஏற்கலாம். பிரஷர் காட்டும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தின் அளவை வைத்து மாத்திரையை மாற்றவே கூடாது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் டயல் கருவி நன்கு கேட்கும் காதும் பழகிய கையும் வேண்டுவது. காது மந்தமானவர்களுக்கு உதவாது. எண்ணை வாய்விட்டுச் சொல்லும் கருவி ஒன்றைக் கடையில் இயக்கிக் காட்டினார்கள். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசியது. பார்வை குன்றிய தமிழ்ப் பெரியவர்களுக்குத் தமிழில் பேசும் கருவியை யாராவது செய்தால் முதல் ஆளாக வாங்குவேன். கருவியே வாங்க வசதி இல்லாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி வரும் பெண்ணிடம் என் நோட்டைக் காட்டுகிறேன். அவர் எடுக்கும் அளவையும் அதிலேயே தனி மையில் எழுதி வைக்கிறேன்.

பராமரிப்பு அதிகம் இல்லை. பட்டையைத் துவைக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்; காற்றுக்குழாயை மடக்கி முறுக்கி வைக்கக் கூடாது; நெடுநாள் ஊருக்குப் போகும்போது பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். வெல்க்ரோ பிடிப்பு தளர்ந்து, காற்று ஏறும்போது பட்டை பிரியத் தொடங்கினால் புதுப் பட்டை வாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

கருவியின் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறோம். 180/120க்கு மேல் வந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அதனோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் மறுபடி அளப்பதில் நேரத்தைப் போக்காமல் 108க்குப் போன் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அதில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். அந்த அறிகுறிகள் இருக்கும்போது கருவி இயல்பான எண்ணைக் காட்டினாலும் 108ஐ அழைக்கத்தான் வேண்டும் என்ற வரியையும் அதன் கீழே மனைவி சேர்த்திருக்கிறார்.